நைஃப் ரோட்டுச் சுன்னத்தும் சுகிர்தராணி சிஸ்டரும்

2004 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. சபையில் தமிழ் ஆராதனை முடிந்து சுகிர்தராணி தன் ஃபிளாட்டுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. வேதாகமப் பையைக் கட்டிலில் வைப்பதற்குள், மாடிப்படியில் யாரோ செருப்பில்லாமல் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. வந்தவர் நாலாவது மாடி ஜுலைஹா பீவி. தலைத்துணி நழுவிக் கிடந்தது, அதைச் சரிசெய்யவும் அவருக்குக் கை வரவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் மேல வாரீங்களா? தங்கச்சி மவனுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது."

துபாய் தேராவில் நைஃப் ரோட்டுக்குப் பின்புறம் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் கீழக்கரைக்காரர்கள் ஆறு குடும்பம். இரண்டாவது மாடியில் நர்சுகள் நாலு பேர் ஒரு ஃபிளாட்டைப் பங்கிட்டு இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சுகிர்தராணி. குளச்சல் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தாறு. ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் பன்னிரண்டு வருஷம் நின்றுவிட்டு, 1991-ல் துபாய்க்கு வந்தவர். இங்கே ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும்தான் வேலை. கணவர் செல்வசிங் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஏசி டெக்னீஷியன், கேம்ப்பில் வாசம். வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அன்றைக்கும் செல்வசிங் நெய்மீன் வாங்கிக்கொண்டு தன் தம்பி ரூமில் காத்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தராணி கட்டுத்துணி டப்பாவை எடுத்துக்கொண்டு ஜுலைஹாவின் பின்னால் ஏறினார்.

மேலே ஹாலில் நாலு பாய் விரித்திருந்தது. மூன்று பாயில் மூன்று பையன்கள் படுத்துக் கிடந்தார்கள். புண்ணில் துணி உரசாமலிருக்க, ஒவ்வொருவன் கைலியையும் நடுவில் நூல் கட்டி மேலே கொடியோடு இழுத்து, கூடாரம்போல் ஆக்கியிருந்தார்கள். கழுத்தில் கிடந்த மல்லிகை மாலை வாடியிருந்தது. அதில் இரண்டு பேர் ஜுலைஹாவின் மகன்கள், ஒருவன் அடுத்த ஃபிளாட்டுப் பையன். அவர்கள் அழுது முடித்துவிட்டு சாக்லேட் தாளை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது பாயில் அப்துல் ஹாதி. ஜுலைஹாவின் தங்கை மர்ஜானாவின் ஒரே மகன். ஆறு வயது. அவன் அழவில்லை. அதுதான் சுகிர்தராணிக்குப் பிடிக்கவில்லை. உதடு வெளுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தான். பாய்க்கு அடியில் மடித்துப் போட்டிருந்த போர்வை வரைக்கும் நனைந்திருந்தது.

"எப்ப செஞ்சது?"

"ஒம்பதரைக்கு" என்றார் மர்ஜானா. "கொஞ்சம் கசியும், நின்னுரும்னு ஒஸ்தா சொன்னாரு. சாம்பல் பஞ்சு வச்சுக் கட்டிட்டு ஜுமுஆவுக்குப் போயிட்டாரு. ஆம்பளைக யாரும் வூட்டுல இல்ல சிஸ்டர்."

ஒஸ்தா என்பது பரம்பரையாகச் சுன்னத் செய்கிறவர். இவர் பேர் சதக்கத்துல்லா. மகனைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருந்தவரை, ஊரில் பத்து வருஷமாகத் தெரியும் என்று குடும்பத்தார் கேட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். பள்ளிக்கூட லீவு, ஊருக்குப் போக முடியாத வருஷம், நாலு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எல்லாரும் சந்தோஷமாகத்தான் ஏற்பாடு செய்தார்கள்.

சுகிர்தராணி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாம்பல் பஞ்சை எடுத்துப் போட்டு, புதுக் கட்டுத்துணியை வைத்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் போனது. மெல்ல விரலை எடுத்துப் பார்த்தார். மறுபடி கசிந்தது. உறைந்த கட்டி என்று ஒரு துணுக்குக்கூட இல்லை. தண்ணீரைப் போல வந்தது.

அழுத்திக்கொண்டே மற்றக் கையால் பையனின் காலைத் தடவினார். முழங்காலுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாகப் பழைய கன்றல்கள். ஒரு முழங்கால் மற்றதைவிடப் பருத்திருந்தது.

"மர்ஜானா, இவனுக்குப் பல்லு விழுந்துச்சா?"

"போன மாசம் ஒண்ணு விழுந்துச்சு. ரெண்டு நாளு ரத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பல்லு விழுந்தா அப்படித்தான்னு நெனச்சோம்."

"உங்களுக்குக் கூடப்பிறந்த ஆம்பளைப் பிள்ளைக உண்டா?"

மர்ஜானா அக்காவைப் பார்த்தார். ஜுலைஹா கொஞ்சம் தயங்கி, "ஒருத்தன் இருந்தான். ஏழு வயசுல மௌத்தாயிட்டான்" என்றார்.

"எப்படி?"

"சுன்னத்து வச்ச மறுநாளு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. கண்ணூறுன்னு சொன்னாங்க."

சுகிர்தராணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதை அங்கே சொன்னால் இரண்டு பெண்களும் உடைந்துபோவார்கள், கைகால் ஓடாது. அதனால் அவர் சொன்னது ஒன்றுதான். "இது இங்க நிக்காது. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும். வண்டி ஆருக்கு உண்டு?"

ஜும்மா தொழுகை முடிந்து படியேறி வந்துகொண்டிருந்த ஜுலைஹாவின் கணவர் கௌஸ் முகைதீனிடம் வண்டி இருந்தது. ஸ்பைஸ் சூக் என்ற மசாலாச் சந்தையில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவர். மூட்டை ஏற்றும் பிக்கப். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காத்திருக்கிற நேரத்துக்கு அதுவே போய்விடும் என்று அவரே சொன்னார். முன்சீட்டில் ஹாதியின் தந்தை கலீல் ரஹ்மான். பின்சீட்டில் மர்ஜானாவின் மடியில் பையன் தலை, சுகிர்தராணியின் மடியில் அவன் கால். வண்டி முழுக்க ஏலக்காய் வாசம். பள்ளிவாசல் விட்ட கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. கௌஸ் முகைதீன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, சுகிர்தராணி புண்ணில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"ஹாதி, உறங்காத மக்ளே. உனக்க டீச்சர் பேரு என்ன?"

"மிஸ் ஷைனி."

"மிஸ் ஷைனி அடிப்பாங்களா?"

"நோ. ஷீ கிவ்ஸ் ஸ்டார்ஸ்."

"எத்தற ஸ்டாரு வாங்கியிருக்க? எண்ணிச் சொல்லு பாப்போம்."

அவன் எண்ணத் தொடங்கி ஏழில் நின்றான். அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்ததும் தையல் போட ஊசியைக் கேட்டார். சுகிர்தராணி விரலை எடுக்காமலே தடுத்தார். அவருக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம் உண்டு, டியூட்டியில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் தெளிவாகப் பேசினார். தையல் வேண்டாம், குத்துகிற இடத்திலெல்லாம் ரத்தம் வரும், இந்தப் பையனுடைய தாய்மாமன் இதே சடங்கில் ரத்தம் போய்ச் செத்திருக்கிறான், ரத்தநோய் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார்.

"நீங்கள் யார்?"

"பக்கத்து வீடு" என்றவர், அது போதாதென்று, "நர்ஸ்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

சூடான் நாட்டுப் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். சுகிர்தராணி சொன்ன நாலு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, கன்றல்களைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். ஹீமோஃபீலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் பிறவியிலேயே குறைந்திருக்கும் நோய். தாய் வழியாக வரும், ஆண்பிள்ளைகளைத் தாக்கும். அந்தப் பொருளை மருந்தாக ஏற்றினால் ரத்தம் நிற்கும். மூன்று மணிக்கு ஏற்றினார்கள். நாலு மணி வாக்கில் கசிவு நின்றது.

அதுவரைக்கும் பிடித்திருந்த விரல்களைச் சுகிர்தராணியால் நிமிர்த்த முடியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். செல்வசிங் எங்கேயோ விசாரித்து, பிளாஸ்டிக் கவரில் மாற்றுத் துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மீன் என்ன ஆச்சு என்று இவர் கேட்க, "தம்பி சாப்பிட்டான்" என்றார் அவர்.

ஆனால் சங்கடம் தீரவில்லை. யார் செய்தது, எங்கே செய்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கலீல் ரஹ்மான் சுகிர்தராணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்தப் பெரியவரு விசிட் விசாவுல வந்தவரு. நாங்க கெஞ்சிக் கூட்டியாந்தோம். போலீஸு அவரைப் புடிச்சுட்டா பாவம். யாருன்னு தெரியாதுன்னு சொல்லிரவா?"

"பேரை நான் சொல்ல மாட்டேன். அது உங்க காரியம்" என்றார் சுகிர்தராணி. "ஆனா நாலு பிள்ளைக்கும் ஒரே கத்திதானே? அதை நான் மறைக்க மாட்டேன். மத்த மூணு பேருக்கும் ரத்தம் பாக்கணும். மஞ்சக்காமாலை ஒருத்தன்கிட்டேருந்து ஒருத்தனுக்குப் போயிருந்தா, பின்ன ஆரு பதில் சொல்லுவா?"

கலீல் ரஹ்மான் ஒரு முடிவுக்கு வருமுன்னே சதக்கத்துல்லா தானே வந்துவிட்டார். கட்டடத்தில் விஷயம் கேள்விப்பட்டு, வழி தெரியாத ஊரில் டாக்ஸி பிடித்து வந்திருந்தார். ஒரு துண்டில் சுற்றிய கத்தியைச் சுகிர்தராணி முன்னால் நீட்டினார்.

"பையன் பொழச்சுருவானா?"

"பிழைச்சாச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். நாப்பது வருசமா இந்த வேலை பாக்குறேன் சிஸ்டர். கைசுத்தமாத்தான் வெட்டுவேன். இப்படி ஒரு நோவு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் யாரையும் ஒண்ணும் கேட்டதில்ல." பிறகு டாக்டர் இருந்த அறையைக் காட்டி, "நான்தான் செஞ்சேன்னு அந்தம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு அவுக பாஷை வராது" என்றார்.

சுகிர்தராணி சொன்னார். கத்தியை அவரே கொண்டுவந்து கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டார். குடும்பத்தார் புகார் ஒன்றும் தரவில்லை. இந்த நாட்டில் இனிச் செய்வதில்லை என்று சதக்கத்துல்லா கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் ஊருக்கு விமானம் ஏறினார். மற்ற மூன்று பையன்களுக்கும் சோதனை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்தார்கள். மூவருக்கும் ஒன்றுமில்லை. ஜுலைஹாவின் மகன்களுக்கு அந்த நோயும் இல்லை.

ஹாதியை வார்டுக்கு மாற்றிய மறுநாள் ஜுலைஹா பீவி சுகிர்தராணியின் ஃபிளாட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்தவர்போல் இல்லை.

"சிஸ்டர், எனக்கு நெசத்தைச் சொல்லுங்க. அப்ப என் தம்பி மௌத்தானது கண்ணூறு இல்லையா?"

"இல்ல ஜுலைஹா. அவனுக்க ரத்தத்துல இருந்தது. ஹாதிக்கு இருக்கே, அதேதான்."

ஜுலைஹா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தந்தைக்கு ஒரு தங்கை, அஸ்மத் பீவி. பிள்ளை இல்லாதவர். சுன்னத் அன்று காலையில் மாலை போட்டு நின்ற பையனைப் பார்த்து, புது மாப்பிள்ளையைப்போல இருக்கிறான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மறுநாள் பையன் இறந்தான். பிள்ளையில்லாதவள் கண்ணு வைத்துவிட்டாள் என்று குடும்பமே அவரை ஒதுக்கியது. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, மௌத்துக்குச் சொல்லிவிடுவதில்லை. எதிர்த் தெருவில் இருந்தவரோடு இருபத்தொன்பது வருஷம் யாரும் பேசவில்லை. ஜுலைஹாவும் பேசவில்லை.

"அவுக எங்களை எடுத்து வளத்தவுக சிஸ்டர்" என்றார் ஜுலைஹா. சுகிர்தராணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆகஸ்டில், யார் சொல்லியும் கேட்காமல், ஜுலைஹா டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்மத் பீவியின் வாசலில் நின்றார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படியோ தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அஸ்மத் பீவி முழுதும் கேட்டுவிட்டு, "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார் என்று திரும்பிவந்த ஜுலைஹா சுகிர்தராணியிடம் சொன்னார். கூடவே ஒரு பெரிய பொட்டலம் தொதல் அல்வாவைக் கொடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட பொம்பளைக்குக் கொடு என்று அஸ்மத் பீவி தன் கையால் கிண்டிக் கொடுத்தனுப்பியது. முகம் பார்த்திராத அந்த மனுஷியின் தொதலை நாலு நர்சுகளும் ஒரு வாரம் தின்றார்கள்.

'அந்தக் கேள்வி' என்ற சொல் சுகிர்தராணியை விடவில்லை. இருபத்தைந்து வருஷ நர்ஸ் வேலையில் ஊசிக்கும் கத்திக்கும் எத்தனை பையன்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒருவனின் தாயிடமாவது, உன் கூடப்பிறந்தவன் யாராவது ரத்தம் போய் இறந்தானா என்று கேட்டிருக்கிறாரா? ஒஸ்தா கேட்கவில்லை என்றால், தானும்தான் கேட்கவில்லை. கிளினிக்கில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அன்றே எழுதிவைத்தார். தாய் வழியில் ஆண்பிள்ளைகள் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா. பையனுக்குப் பல் விழுந்தபோது எவ்வளவு நேரம் வந்தது. அடிபடாமல் கன்றல் உண்டா, மூட்டு வீங்குமா. இப்போது காய்ச்சல் உண்டா. எழுத்து மணிமணியாக இருந்தது. அதை அப்படியே நகலெடுத்து, கூட இருந்த மலையாளி நர்சிடம் மலையாளத்திலும் ஃபார்மசிக்காரரிடம் உருதுவிலும் எழுதி வாங்கினார்.

அதை எடுத்துக்கொண்டு டாக்டர் சேதுபதியிடம் போனார். கிளினிக்கின் சர்ஜன். ராமநாதபுரத்துக்காரர், முணுமுணுவென்று பேசுவார். வியாழக்கிழமை மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் சும்மாதானே கிடக்கிறது, குறைந்த கட்டணத்தில் சுன்னத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று சுகிர்தராணி கேட்டார்.

"ரத்த டெஸ்ட் பண்ணாம ஒருத்தனையும் மேசையில ஏத்த மாட்டேன்" என்றார் டாக்டர்.

"அதைத்தான் நானும் சொல்லுறேன் சார்."

"முதலாளி ஒத்துக்கணுமே."

"நீங்க கேட்டா ஒத்துக்குவாரு. நான் கேட்டா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு."

டாக்டர் சிரித்துவிட்டு, போய்க் கேட்டார். அனுமதி கிடைத்தது. ஆனால் முதல் இரண்டு மாதம் வந்தவர்கள் மூன்றே பேர். தேராவிலும் ஷார்ஜாவிலும் ஃபிளாட்டுகளில் நடப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. சுகிர்தராணிக்குப் புரியவில்லை. ஹாதிக்கு நேர்ந்தது ஊருக்கே தெரியுமே. நேரே ஸ்பைஸ் சூக்குக்குப் போய் கௌஸ் முகைதீனிடம் கேட்டார். அந்தச் சனங்களுக்குள் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

கௌஸ் முகைதீன் மிளகு மூட்டைமேல் ஒரு துணியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"கோவிச்சுக்கக் கூடாது சிஸ்டர். நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்களுக்கு அது மார்க்கக் கல்யாணம். பையன் மாப்பிள்ளை. அவனுக்கு வலிக்கிற நேரத்துல சுத்தி அவன் ஆளுக நிப்பாங்க. உங்க கிளினிக்குல அவனைத் தனியாப் புடுங்கிட்டுப் போயி, பச்சைத் துணியப் போத்தி, முகமூடி போட்ட நாலு பேரு நடுவுல படுக்க வைக்கிறீங்க. வெளியில தாயி அழுவுறா. அது ஆப்பரேசன். கல்யாணத்துக்கு வாரவன் எப்படி வருவான்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தவறில்லை என்று சுகிர்தராணிக்குத் தோன்றியது. "அப்பம் கல்யாணத்துல என்னென்ன செய்வீங்க? ஆதியோட சொல்லுங்கோ. நான் அறியல்ல" என்றார்.

வாடிக்கையாளர் இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டு கௌஸ் முகைதீன் சொன்னார். குளிப்பாட்டுவது, புதுச்சட்டை, மாலை, ஊர்வலம், தாய்மாமன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது, வெட்டுகிற நேரத்தில் எல்லாரும் ஒரே குரலில் ஸலவாத் என்ற நபி வாழ்த்தை ஓதுவது, முடிந்ததும் வாயில் சீனி போடுவது. சுகிர்தராணி கேட்டுக்கொண்டே விரலை மடக்கினார். இதில் கிருமி வருவது எதனால், வராதது எதனால் என்று அவர் மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார். கத்தியையும் சாம்பலையும் தவிர மற்றெதுவும் யாரையும் கொல்லாது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து கிளினிக்கின் முறை மாறியது. மாமனோ தந்தையோ ஒருவர் கைகால் கழுவி, தியேட்டர் சட்டை போட்டுக்கொண்டு பையனின் தலைமாட்டில் உட்காரலாம். மற்றவர்கள் வெளியே வராந்தாவில் நின்று ஓதலாம். தியேட்டர் கதவுக்கு வெளியே சத்தமா என்று டாக்டர் சேதுபதி இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம், ஓதுகிற சத்தம் வந்தால் பையன்கள் திமிறுவதில்லை என்று அவரே சொன்னார். புண் ஆறியபின் ஏழாம் நாள் மாலையும் ஊர்வலமும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சுகிர்தராணி வீட்டுக்காரர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். சீனி டப்பா ஒன்று தியேட்டர் வாசலிலேயே இருந்தது.

பையன்களிடம் அவர் பொய் சொல்வதில்லை. எறும்பு கடிக்கிற மாதிரி, கிளி பறக்கும், மேலே பார் என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

"வலிக்கும் மக்ளே. ஒரு ஊசி போடுவாங்க, அது நல்லா வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள மரத்துப் போவும். பின்ன ஒண்ணும் தெரியாது. அழணும்னா அழுதுக்கோ, வெட்கப்படாண்டாம். காலை மட்டும் ஆட்டாத, கேட்டியா?"

பையன்கள் அவரை நம்பினார்கள். சொன்னபடி வலித்தது, சொன்னபடி நின்றது. வெளியே வந்து அடுத்தவனிடம், "சிஸ்டர் சொன்ன மாதிரியேதான்" என்று அவர்களே சொன்னார்கள்.

ஒரு கிறிஸ்தவப் பொம்பளையா நம் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்யாணம் நடத்துவது என்று சிலர் பேசியதும் உண்டு. அது சுகிர்தராணியின் காதுக்கு வந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் நடத்தல்லியே, அவங்கதானே ஓதுறாங்க. நான் கேள்வி கேக்குறேன், காலைப் பிடிக்கேன்" என்றார்.

கேள்வி கேட்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தகப்பன் பதில் சொன்னால் ஏற்கமாட்டார். தாயைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார். பெரும்பாலும், வெளியே சொல்லாத சாவுகள் பெண்களிடம்தான் இருந்தன. 2006-ல் ஷார்ஜாவிலிருந்து வந்த ஒரு தாய், எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, எழுந்து வாசல்வரை போனபிறகு திரும்பி வந்தார். தன் உம்மாவின் தம்பி ஒருவர் பல் பிடுங்கி இறந்ததாகக் கேள்வி என்றார். அந்தப் பையனுக்கும் ஹாதியின் நோய்தான். மருந்து ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் சுன்னத் செய்தார்கள். ஒரு துளி கூடுதலாகச் சிந்தவில்லை.

மர்ஜானாவுக்கு அடுத்துப் பிறந்ததும் ஆண்தான். பிரசவத்துக்கு முன்பே டாக்டர்களிடம் சொல்லி, பிறந்த அன்றே சோதித்தார்கள். அவனுக்கும் இருந்தது. மர்ஜானா ஒருநாள் முழுக்க அழுதார். மறுநாள் ஹாதியின் மருந்துப் பெட்டியைக் குழந்தையின் தொட்டில் பக்கம் எடுத்து வைத்தார். தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்து வளர்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று இப்போது அவரே மற்றப் பெண்களுக்குச் சொல்கிறார்.

சுகிர்தராணி தவறே செய்யாதவர் என்று சொல்ல முடியாது. 2007 அக்டோபரில், பெருநாள் கழிந்த வாரம், காயல்பட்டினத்து டிரைவர் ஒருவர் தன் எட்டு வயது மகனைக் கூட்டி வந்தார். மறுநாள் விருந்து, ஊரிலிருந்து தாய்மாமன் விமானத்தில் வந்தாயிற்று, பெரிய தேக்சாவில் பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. பையன் காலில் கன்றல்கள் இருந்தன. ரத்தம் உறைய நேரமாகிறது என்று சோதனைச் சீட்டும் சொன்னது. சுகிர்தராணி முடியாது என்றார். டிரைவர் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். சைக்கிள் ஓட்டிப் பட்ட காயம், எங்கள் வம்சத்தில் எவனுக்கும் ஒன்றுமில்லை, இருபது பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார். சுகிர்தராணி அசையவில்லை. அந்த மனிதர் பையனை இழுத்துக்கொண்டு போனார். வேறு எங்காவது கொண்டுபோய்ச் செய்துவிடுவாரோ என்று பயந்து சுகிர்தராணி தினமும் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை.

நாலாவது நாள் டிரைவரின் மனைவி, கணவருக்குத் தெரியாமல், பையனை மறு சோதனைக்குக் கூட்டி வந்தார். இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது. லேபில் விசாரித்தார்கள். முதல் தடவை டியூப்பில் ரத்தம் கோடுவரை நிறையவில்லை, குறைவாக இருந்தால் கணக்குத் தப்பாகக் காட்டும் என்றார்கள். அந்த ரத்தத்தை எடுத்தவர் சுகிர்தராணி.

லேபின் தவறு என்று சொல்லியிருந்தால் யாரும் தோண்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். அன்று டியூட்டி முடிந்ததும் அவர் பஸ் பிடித்து அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த டிரைவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சுகிர்தராணி வாசலிலேயே நின்று சொன்னார்.

"உங்க மவனுக்கு ஒரு நோயும் இல்ல. டியூப்புல ரத்தம் குறைச்சலா எடுத்தது நான்தான். உங்க விருந்து நின்னு போனது எனக்க தப்பு. மன்னிக்கணும்."

புதுச் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஆனா ஒண்ணு. சீட்டு அப்படிக் காட்டினா, நாளைக்கும் நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

டிரைவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "மச்சான் ரெண்டு வாரம் இருப்பாரு" என்றார் பிறகு. "பிரியாணியத்தான் அக்கம்பக்கத்து ரூமுக்கெல்லாம் குடுத்தாச்சு. வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்னு மச்சான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். அந்தப் பொம்பள அவ்வளவு அடிச்சுச் சொல்லுதே, சும்மா சொல்லாதுன்னு தோணுச்சு. உள்ள வாங்க."

மனைவி டீ போட்டார். பையன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சோ வென் இஸ் மை டர்ன்?" என்றான்.

"வியாழக்கிழமை. அதுக்கு முன்ன இன்னொருக்கா ரத்தம் பாக்கணும். இந்த வாட்டி டியூப்பு நிறைய எடுப்பேன், ரெண்டு நிமிஷம் கூடுதலா வலிக்கும்" என்றார் சுகிர்தராணி.

வியாழக்கிழமை கிளினிக் வராந்தாவில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். தாய்மாமன் தியேட்டர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றதைச் சுகிர்தராணி சரியாக மாட்டிவிட்டார். வெளியே ஸலவாத் எழும்பியது. டாக்டர் சேதுபதி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆரம்பிக்கலாமா என்று அவரைப் பார்த்தார். சுகிர்தராணி சீட்டை இன்னொரு முறை எடுத்து, பையனின் பெயரிலிருந்து கடைசி எண் வரைக்கும் படித்துவிட்டு, தலையை அசைத்தார்.